மூன்றாம் பதிப்புக்கு மட்டும்

“தம்பி பேச மாட்டேன்றாரு, எழிலு.”

“எந்தத் தம்பி, அத்தை?”

“போனுல இருக்கற தம்பிதான். எம் மவன் வீரமணி புதுப் போனு வாங்கியாந்து குடுத்தான். பழசுல நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. இதுல வாயே தொறக்கல.”

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருகிற சின்னக் கடை எழில்மதியுடையது. செல்லியம்மாள் நீட்டிய போனை வாங்கி, மறுபடி ஒருமுறை ‘சேதி’யை ஏற்றிப் பார்த்தாள். ஏறவில்லை. இந்தச் செயலி உங்கள் போனுக்கு மிகவும் பழையது என்று ஒரு வரி வந்து நின்றது. இந்த மாதத்தில் இதே வரியைப் பலருடைய போனில் பார்த்துவிட்டாள்.

‘சேதி’ என்பது படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தது. போனுக்கு வரும் குறுஞ்செய்தியை வாய்விட்டுப் படிக்கும். ரேஷன் அரிசி வந்தது, நூறு நாள் வேலைக்குக் கூப்பிட்டது, மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றது, எல்லாவற்றையும் ஓர் இளைஞன் குரலில் சொல்லும். மலையில் அந்தக் குரலுக்குப் பெயர் தம்பி. குரலுக்கு உரியவன் வடக்கனந்தல் இளவரசன். அவனும் எழில்மதியும் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில் சேர்ந்து எழுதியது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று அப்போதே திறந்து வைத்துவிட்டார்கள்.

“பழசுலயும் அப்பப்ப முழுங்குவாரு,” என்றாள் செல்லியம்மாள். “‘நாளைக்கு’ம்பாரு. அப்பால சத்தத்தையே காணோம். ‘மூடப்படும்’பாரு. இன்னாத்த மூடறாங்க, கடையையா, ரோட்டையா? ஒண்ணும் வெளங்காது.”

“அந்த வார்த்தைய அவரு பேசிக் குடுக்கல அத்தை. அவரு பேசுன வார்த்தைதான் அதுல இருக்கும்.”

“பேசச் சொல்லேன்.”

“ஊருல இல்ல.”

“ஏன்டி, அந்தத் தம்பிக்குப் பேரு ஒண்ணு இருக்குமில்ல? கட்டிக்கினவளாட்டம் அவரு அவருன்றியே.”

“இளவரசன்.”

“ம். சொல்ல வருதே,” என்றாள் செல்லியம்மாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “சீக்கிரம் வரச் சொல்லு. வூட்டுல பேச்சுத் தொணைக்கு ஆளில்ல எனக்கு.”

அன்று மத்தியானம் சென்னையிலிருந்து தங்கமணி கூப்பிட்டாள். நம் மொழிகளில் பேசும் குரல் எஞ்சின் ஒன்றை ஊதியம் இல்லாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. ‘சேதி’யைப் புதுப் போன்களில் ஓட வைக்க முடியுமா என்று எழில்மதி அவளைத்தான் கேட்டிருந்தாள்.

“பார்த்தேன் எழில்மதி. எங்க எஞ்சினோட சேர்த்துட்டா ஓடிடும். வேலை கம்மிதான். ஆனா சேர்க்க முடியாது.”

“ஏன்க்கா?”

“லைசென்ஸ் ஒத்துப்போகல.”

“ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ்தானே?”

“ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒரே வீட்டுல இருக்க மாட்டேங்கறாங்க. உங்களோடது ஜிபிஎல், ரெண்டாம் பதிப்பு. என்னோட எதைச் சேர்த்தாலும் மொத்தத்தையும் என்னோட நிபந்தனையிலயே கொடு, மேல ஒண்ணும் வைக்காதேன்னு சொல்லுது. எங்களோடது அப்பாச்சி. அதுல மேல ஒரு நிபந்தனை இருக்கு. இதை வெச்சு பேட்டன்ட் கேஸ் போட்டா உனக்குக் கொடுத்த உரிமை போச்சுன்னு. நியாயமானதுதான். ஆனா உங்க லைசென்ஸுக்கு அது ஆகாது.”

“அப்ப?”

“ஜிபிஎல் மூணாம் பதிப்பு அதை ஏத்துக்கும். நிறைய பேர் ‘ரெண்டு, இல்லன்னா அதுக்கப்புறம் எந்தப் பதிப்பு வந்தாலும் சரி’ன்னு ஒரு வரி சேர்த்துப் போடுவாங்க. உங்க கோப்புல அந்த வரி இல்ல.”

“நாங்க எதப் பாத்து எழுதுனமோ, அந்தக் கோப்புலயே இல்லக்கா. இருந்தத அப்படியே எழுதிட்டோம்.”

“பரவால்ல. எழுதினவங்க சம்மதம்னு சொன்னா மூணுக்கு மாத்திக்கலாம். உங்க பதிவைப் பார்த்தேன். யார் எந்த வரியை எழுதினாங்கன்னு அதுல இருக்கே, ஆரம்பத்துல எழுதினது எல்லாமே ஒரே பேருல இருக்கு. இளவரசன். அவர் சொன்னா போதும்.”

எழில்மதி போனோடு எழுந்து கடை வாசலுக்கு வந்தாள்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்க்கா. அதுல பாதி நான் எழுதுனது.”

“உங்க பேரு இல்லையே.”

“லேப்டாப் ஒண்ணுதான் இருந்துது.”

அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இரண்டு பேருக்குமே கிடைத்திருந்தது. எழில்மதியுடையது ஒரு ஐப்பசி மழையில், கூரை ஒழுகி நனைந்து கெட்டுப்போய்விட்டது. பிறகு இளவரசனுடையதில்தான் இரண்டு பேரும் எழுதினார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் தட்டுவது, கை வலித்தால் மாற்றிக்கொள்வது. அந்த இயந்திரத்தில் அவன் தன் பெயரை முதல்நாள் ஒருமுறை கொடுத்திருந்தான். அதன்பிறகு யார் தட்டினாலும் ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பெயரிலேயே ஏறியது. பெயர் என்று ஒன்று ஏறுகிறது என்பதே இரண்டு பேருக்கும் கடைசி வருடத்தில்தான் தெரிந்தது. தெரிந்தபோது சிரித்தார்கள்.

“இப்ப எங்க இருக்கார்?” என்றாள் தங்கமணி.

“பூனாவுல வேலைன்னு கேள்வி. பேச்சு இல்லக்கா, நாலு வருஷமா.”

“சண்டையா?”

“சண்டை போட்டிருந்தா யாராவது ஒருத்தரு சமாதானத்துக்கு வந்திருப்போம்.”

தங்கமணி பேச்சை மாற்றினாள். “அவர் கிடைக்கலன்னா வேற வழி ஒண்ணு இருக்கு. பழசை ஓரமா வெச்சுட்டு, அதைப் பார்க்காமலே எங்க ஆளுங்க முதல்லேருந்து எழுதிடுவாங்க. குரலும் வேற போட்டுக்கலாம்.”

“அவரு எழுதுனது?”

“ஒரு வரிகூட இருக்காது. இருக்கவும் கூடாது.”

“நான் கேட்டுப் பாத்துடறேன்க்கா.”

“எப்படிக் கேப்பீங்க? பேச்சு இல்லன்னீங்க.”

“அவரு வூடு தெரியும்.”

மறுநாள் எழில்மதி வடக்கனந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது வெயில் மங்கலாக இருந்தது. இளவரசனின் அப்பா ராஜாங்கம் வீட்டு வாசலில் களம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அம்சவள்ளி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பாதத்தால் சோளத்தைக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தாள்.

“யாரும்மா?”

“வெள்ளிமலைங்க. எழில்மதி. இளவரசன் கூட காலேஜுல படிச்சேன்.”

“நம்ம பாவாடை மவளா?”

“ஆமாங்க.”

“ரங்கம்மா நல்லாருக்காளா? நடவுக்கு வந்துக்கினு இருந்தவ, இப்ப ஆளையே காணோம்.”

“முட்டிவலிங்க. மலைய வுட்டு எறங்கறதில்ல அம்மா.”

“பொண்ணு கட வெச்சிருக்குதுன்னாங்க. அப்பால எப்படி சேத்துல எறங்குவா.”

“ஜெராக்ஸ் கடைங்க.”

“இருக்கட்டும். கட கடதானே. அப்படி நெழல்ல குந்து, சோளத்து மேல காலு வெக்காத. இன்னா விசயம்?”

“இளவரசன் கிட்ட ஒரு கையெழுத்து மாதிரி வேணுங்க.”

அம்சவள்ளியின் பாதம் நின்றது. “கையெழுத்தா? எங்க வூட்டுல கையெழுத்துன்னு எவன் வந்தாலும் நெலத்துல வந்து நிக்கும். எதுல கேக்கற?”

“நெலம் இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு செஞ்சோம், போனுல பேசறது. அத இன்னொண்ணோட சேக்கணும். செஞ்சவங்க எல்லாரும் ஒத்துக்கினாத்தான் சேக்க முடியும். ஒருத்தரு பாக்கி இருந்தாக்கூட ஆகாது.”

“கூட்டுப் பட்டா மாதிரின்னு சொல்லு.”

“அப்படித்தாங்க.”

“எனக்கா தெரியாது. கெணத்து மேட்டு நெலம் அஞ்சு பேரு பேருல கெடக்குது. நாலு பேரு போட்டாச்சி. எங்க கொழுந்தன் சிங்கப்பூருல குந்திக்கினு வரேன் வரேன்றான். விக்கவும் முடியல, பிரிக்கவும் முடியல. கருவேல மரம் மொளச்சிப் போச்சு.” பேச்சை நிறுத்தி எழில்மதியை நேராகப் பார்த்தாள். “அப்ப நீ பங்குக்கு வந்திருக்கற.”

“பங்கு இல்லீங்க. அத நாங்க விக்கறதில்ல. சும்மாதான் குடுக்கறோம்.”

“சும்மா குடுக்கறதுக்கு எவனாவது கையெழுத்து கேப்பானா?”

“எடுத்துக்கினு போறவங்க அவங்களும் அதே மாதிரி தொறந்து குடுக்கணும். எங்களுதுன்னு மூடி வெச்சிக்கக் கூடாது. அதுக்குத்தான் எழுத்துல வெக்கறது.”

“அப்படி மூடி வெச்சிக்கற அளவுக்கு இன்னா செஞ்சிட்டீங்க?”

எழில்மதி தன் பழைய போனை எடுத்தாள். காலையில் வந்த செய்தியைத் தொட்டாள்.

“வெள்ளிமலை ரேஷன் கடைக்கு அரிசி வந்துள்ளது. சனிக்கிழமை வரை வாங்கிக்கொள்ளலாம்,” என்றது போன்.

அம்சவள்ளி களத்தை விட்டு நிழலுக்கு வந்தாள்.

“மறுக்கா வெய்யி.”

மறுபடி வைத்தாள்.

“இன்னும் ஒருவாட்டி.”

மூன்றாவது முறை கேட்டுவிட்டு அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதத்தில் ஒட்டியிருந்த சோளத் தவிட்டைத் தட்டிவிட்டாள்.

“இது அவன் படிக்கசொல்ல பேசுன பேச்சு. ‘வாங்கிக்கொள்ளலாம்’னு இழுக்கறான் பாரு, சின்னதுல இருந்து அப்படித்தான் இழுப்பான். இப்ப போனு போட்டா ‘மா, மீட்டிங்கு’. ‘மா, அப்பறம்’. அதோட சரி. உனுக்கு தெனமும் பேசறான் போலகீது.”

“எல்லாருக்கும் பேசறாருங்க.”

“அது சரி,” என்றாள் அம்சவள்ளி. மடியிலிருந்து தன் போனை எடுத்தாள். “என் போனுலயே கேளு. ஸ்பீக்கர்ல போடறேன். எனக்குத் தெரியாம ஒண்ணும் வேணாம்.”

மணி நெடுநேரம் அடித்தது.

“மா, மீட்டிங்குல கீறேன்...”

“மீட்டிங்க அப்பால வெச்சிக்க. இங்க ஒரு பொண்ணு வந்திருக்குது. எழில்மதின்னு.”

அம்சவள்ளி போனைத் திருப்பி, அணைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

“இருக்கேம்மா,” என்றான் அவன். பிறகு, “சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?”

அந்த ‘ங்க’ எழில்மதிக்குப் புதிது. எழிலு என்பான், ஏய் என்பான், கோபம் வந்தால் மலைக்காரி என்பான். பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்பதற்காகத்தான். இருந்தாலும் அது வந்து காதில் உட்கார்ந்துகொண்டது.

“நல்லா இருக்கேங்க,” என்றாள்.

விஷயத்தைச் சொன்னாள். புதுப் போன், தங்கமணி, எஞ்சின். அப்பாச்சி என்ற சொல் வந்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு மட்டும்தான் போட்டமா நாம? ‘அதுக்கப்பறம் வர்றதும்’ போடல?”

“போடலீங்க.”

“யாரு வுட்டது?”

“நீங்க சொல்லி நான் தட்டுனேன். இல்ல, நான் சொல்லி நீங்க தட்டுனீங்களோ.”

“நெட்டுல நம்ம ப்ராஜெக்ட் பக்கத்துலயே எழுதியிருக்கலாமே. எனக்கு மெயிலு வந்திருக்கும். இதுக்குப் போயி பஸ்ஸேறி வந்தீங்களா?”

“எழுதுனேங்க.”

“எனக்கு ஒண்ணும் வரலியே.”

“நாலு வருஷமா எழுதறேன்.”

மறுபக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “எந்த மெயிலுக்குப் போவுது?”

“நீங்க குடுத்ததுதான். காலேஜு மெயிலு.”

“அது காலேஜு முடிஞ்சதும் நின்னு போச்சு,” என்றான் இளவரசன்.

வாசலில் முதல் தூறல் விழுந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து ராஜாங்கம், “அம்சவள்ளி, தார்ப்பாய எடு,” என்று குரல் கொடுத்தார். எழில்மதி பழக்கத்தில் எழுந்தாள்.

“நீ குந்து. போனப் புடி,” என்று அம்சவள்ளி போனை அவள் கையில் திணித்துவிட்டுக் களத்துக்கு ஓடினாள்.

“அம்மா இருக்காங்களா?” என்றது போன்.

“சோளம் மூடப் போயிருக்காங்க.”

“எழிலு.”

“ம்.”

“இன்னா எழுதியிருந்த?”

“போயி பாரு. எல்லாரும் பாக்கறாப்லதான் இருக்குது.”

விசைகள் தட்டப்படும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. களத்தில் அம்சவள்ளியும் ராஜாங்கமும் தார்ப்பாயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“‘மண்சரிவு என்ற சொல் இல்லை. பேசி அனுப்பவும்.’” அவன் வாய்விட்டுப் படித்தான். “‘பிரசவ வார்டு என்பதைப் படிக்கும்போது நின்றுவிடுகிறது. பேசி அனுப்பவும்.’ ‘சாமை விலை. பேசி அனுப்பவும்.’ எல்லாம் இதேதானா?”

“ஊரே பாக்கற எடத்துல வேற இன்னா எழுதறது?”

“பதிலு போடலன்னு நெனச்சிக்கினியா?”

“இஷ்டமில்லன்னு நெனச்சிக்கினேன்.”

“படிப்பு முடிஞ்சி கெளம்புன அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல, நான் மொத எழுதறேன்னு நீதானே சொன்ன? நீ எழுதலன்னு நான் இருந்துட்டேன்.”

“எழுதியிருக்கேனே. கண்ணு முன்னால இருக்குதே.”

“இருக்குது,” என்றான். “உன் நம்பரு அதேதானா?”

“அதேதான்.”

“போட்டிருக்கலாம் நான்.”

“போட்டிருக்கலாம்.”

மழை தார்ப்பாயின் மேல் சடசடவென்று விழுந்தது. அவன் அங்கே வாய்க்குள் எதையோ படித்துக்கொண்டிருந்தான். வரிசையாக, ஒன்றுவிடாமல் படிக்கிறான் என்பது அவன் மூச்சுவிடுவதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. இந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அவன் படிக்கக் கேட்டு எவ்வளவு காலம். செல்லியம்மாள் கேட்கிற குரலில் இந்த மூச்சு இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு வார்த்தையை மட்டும் வைத்தது எழில்மதியேதான்.

அம்சவள்ளி தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். “குடுத்துட்டானா சம்மதம்?”

“குடுக்க முடியாதும்மா,” என்றான் இளவரசன்.

எழில்மதி போனைப் பார்த்தாள்.

“ஏன்டா? அந்தப் பொண்ணு மலையில இருந்து எறங்கி வந்து கேக்குது.”

“அது முழுக்க என்னுது இல்லம்மா. பதிவுல என் பேரு மட்டும்தான் இருக்குது. நான் ஒருத்தன் சம்மதம்னு போட்டா, எல்லாத்தையும் நானே எழுதுனேன்னு ஆயிடும். மொதல்ல அவுங்க பேரு ஏறணும். அப்பறம் ரெண்டு பேரும் சம்மதம் போடணும்.”

“நெஜமாவா?” என்று அம்சவள்ளி எழில்மதியைக் கேட்டாள். “பேர வுட்டுட்டீங்களா? இன்னா புள்ளைங்க நீங்க. பேரு ஏத்தாம எவனாவது பயிர் வெப்பானா?”

“எது எது யாரு எழுதுனதுன்னு பிரிச்சிடலாம்,” என்றான் இளவரசன். “லேப்டாப் இருக்குதுங்களா?”

எழில்மதி பையிலிருந்து எடுத்து மடியில் திறந்தாள். கோப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“செய்தியை வார்த்தையா வெட்டறது.”

“அது நீங்க.”

“நான் தட்டுனேன். சொன்னது நீங்க.”

“நான் சொன்னது தப்புன்னு நீங்க திருத்துனீங்க. காலேஜு மரத்தடியில. எறும்பு கடிச்சிது.”

“அது இது இல்லீங்க. எறும்பு கடிச்சது எண்ணு படிக்கற கோப்புக்கு.”

“அப்ப எண்ணு யாரு?”

“எண்ணு ரெண்டு பேரும். நூறு வரைக்கும் நீங்க. அதுக்கு மேல நான். நடுவுல ஆயிரம்னு வந்தா ஆயிரத்தி ஆயிரத்தின்னு சொல்லிக்கினே இருந்துது, அத நிறுத்துனது யாருன்னு தெரியல.”

இளவரசன் சிரித்தான். சிரித்தது ஸ்பீக்கரில் உடைந்து வந்தது. “பஸ் பேரு படிக்கறது?”

“அது நீங்கதான்.”

“இல்ல, நீங்க. மலை மேல இருக்கற ஊரு பேரெல்லாம் எனக்கு எங்க தெரியும்?”

“ஊரு பேரு நான். அத தேடற வழி நீங்க.”

இப்படியே போயிற்று. எழில்மதி வேண்டுமென்றே மெதுவாகப் படித்தாள். அவனும் அவசரப்படவில்லை. மீட்டிங் என்று அவன் சொன்னதை மூன்று பேருமே மறந்துவிட்டிருந்தார்கள். அம்சவள்ளி முதலில் இவள் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இவள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

“பிரிக்காதீங்க,” என்றாள். “எங்க வூட்டுல பிரிக்கறேன்னு கெளம்புனாங்க. எவனுக்கும் எவன் மேலயும் நம்பிக்க இல்லாம போச்சு. நீங்க ரெண்டு பேரும் அது உன்னுது உன்னுதுன்னு தள்ளி வுட்டுக்கினு கீறீங்க. இத எங்கேருந்து பிரிக்கறது? எல்லாத்துலயும் ரெண்டு பேரையும் போட்டுடுங்க.”

“அப்படியே போட்டுடலாங்களா?” என்றாள் எழில்மதி.

“போட்டுடுங்க,” என்றான் இளவரசன்.

அவள் எழுதினாள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். அவன் அங்கிருந்தே அதைப் பார்த்துச் சரி என்றான்.

“இப்ப ஒண்ணு பண்ணுங்க,” என்றான். “‘மூணாம் பதிப்பு, இல்லன்னா அதுக்கப்பறம் எது வந்தாலும்’னு போட்டுடுங்க. எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு நாலு வரும், இதே மாதிரி வேற ஏதாவது ஒண்ணு சேராதும்பாங்க. மறுபடியும் என்னத் தேடிக்கினு நீங்க அலையக் கூடாது. இப்பவே மொத்தமா குடுத்துடறேன்.”

எழில்மதியின் விரல் விசைப்பலகை மேலேயே இருந்தது.

“பவர் எழுதிக் குடுக்கறேன்றான்,” என்றாள் அம்சவள்ளி. “இனிமே உன் இஷ்டம், என்ன கேக்க வேணான்றான். சிங்கப்பூர்காரன் இந்த வார்த்தைய சொன்னா தேங்கா ஒடப்பேன் நான்.”

“வேணாங்க,” என்றாள் எழில்மதி.

“இன்னா வேணாம்?”

“மூணு மட்டும் போடறேன்.”

“நாலு வந்தா?” என்றான் இளவரசன்.

“கேக்கறேன்.”

“எப்ப வரும்னே தெரியாதுங்க. பத்து வருஷம் ஆவலாம். வராமலே போவலாம்.”

“வந்தா கேக்கறேன்.”

அம்சவள்ளி, “நல்லது சொன்னா எடுத்துக்கற புள்ளைங்களா நீங்க,” என்று முணுமுணுத்தபடி போனை வாங்கிக்கொண்டாள். “சரிடா, வெச்சிடு. சாப்டியா?”

“சாப்ட்டேம்மா.”

“பொய் சொல்லாத. மீட்டிங்குல எப்படி சாப்டுவ?”

அவன் வைத்துவிட்டான். தன் நம்பரைச் சொல்லவில்லை. எழில்மதியும் கேட்கவில்லை. அவளுடையது அதேதான் என்று அவனுக்குத் தெரியும்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்சவள்ளி ஒரு பையில் மக்காச்சோளம் கட்டிக்கொடுத்தாள். “ரங்கம்மாகிட்ட குடு. நனையாததுதான்.” வாசல்வரை வந்து நின்றாள். “அந்த அரிசி சேதிய என் போனுல ஏத்தித் தர முடியுமா?”

“உங்களுது புதுப் போனுங்க. இதுல இன்னும் ஓடாது. சேத்து முடிச்சதும் வந்து ஏத்தித் தரேன்.”

“வா,” என்றாள் அம்சவள்ளி. பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். “பகல்ல வா. இவுரு கொல்லையில வேலையா இருக்கசொல்ல.”

வெள்ளிமலை பஸ் கூட்டமாக வந்தது. கோமுகி அணையைத் தாண்டும்போது உட்கார இடம் கிடைத்தது. மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். அதற்குள் தங்கமணி கூப்பிட்டுவிட்டாள்.

“எழில்மதி, அவரோட சம்மதம் வந்துடுச்சு. இப்பதான் ப்ராஜெக்ட் பக்கத்துல பார்த்தேன். எப்படிப் பிடிச்சீங்க?”

“அவங்க அம்மா புடிச்சிக் குடுத்தாங்கக்கா.”

“உங்களோடதும் வேணுமே. இப்ப நீங்களும் எழுதினவங்கதானே.”

“பஸ்ஸுல இருக்கேன்க்கா. போடறேன்.”

“சட்டுனு போட்டுடுங்க. ராத்திரியே சேர்க்க ஆரம்பிச்சுடுவோம். ஆமா, அவர் ரொம்பக் கறாரான ஆளா?”

“ஏன்க்கா?”

“நீங்க பார்க்கலையா? சம்மதம்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது. அவர் என்னென்னமோ எழுதியிருக்கார். சட்டப்படி அதுக்குத் தேவையே இல்ல. சொல்லாட்டியும் அப்படித்தான்.”

“இன்னா எழுதியிருக்காரு?”

“நீங்களே பாருங்க. நீங்களாவது வெறும் சம்மதம்னு போடுங்க, தாயி.”

எழில்மதி பக்கத்தைத் திறந்தாள். பஸ் முதல் வளைவுக்கு முன் வேகம் குறைத்து, கியர் மாற்றி முனகியது. எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

‘மூன்றாம் பதிப்புக்கு மட்டும் சம்மதம். இனி எது வந்தாலும் என்னை நேரில் கேட்க வேண்டும். இளவரசன்.’

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னலை மூடச் சொன்னார். மூடினாள். சிக்னல் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அவன் எழுதியதற்குக் கீழே, அவன் எழுதியதையே ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள். தன் பெயரைப் போட்டாள்.

“டிக்கெட்டு,” என்றார் கண்டக்டர்.

“ஒரு நிமிசம்ங்க,” என்று சொல்லிவிட்டு, அது போய்ச் சேரும்வரை போனை ஜன்னல் பக்கமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.